வாடைக்கு முன் விசைப்படகின் மின்னணுக் கருவிகளைக் காப்பது எப்படி?

கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று ஓய்ந்து, வாடை என்னும் வடகிழக்குக் காற்று திரும்புவதற்கு இடையில், செப்டம்பர் பிற்பகுதி முதல் அக்டோபர் நடுப்பகுதி வரை, இராமநாதபுரம் கடற்கரையில் கடல் சற்று அமைதியாக இருக்கும் சில வாரங்கள் வரும். படகின் ஜி.பி.எஸ்., எக்கோ சவுண்டர் (ஒலியால் ஆழத்தையும் மீனையும் காட்டும் கருவி), வி.எச்.எஃப். வயர்லெஸ், டிரான்ஸ்பாண்டர் (படகின் இருப்பிடத்தைக் கரைக்கு அனுப்பும் கருவி), பேட்டரி ஆகியவற்றைப் புயல் காலத்துக்குத் தயார்செய்ய அந்த வாரங்களே உரியவை. பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிய பிறகுதான் நம்மில் பலருக்குக் கருவிகளின் நினைவு வருகிறது. ஆனால் அந்த நேரத்தில் கயிறுக்கும் நங்கூரத்துக்கும் பக்கத்துப் படகு மோதாமல் இருக்கக் கட்டும் டயருக்குமே ஆள் போதாது. படகை ஓட்டும் அறையான வீல் ஹவுஸுக்குள் உட்கார்ந்து ஸ்குரு கழற்ற யாருக்கும் நேரம் இருக்காது. எனவே பொறுமையாகச் செய்ய வேண்டிய வேலைகளை முதல் மழைக்கு முன்பே முடித்துவிட்டு, கூண்டு ஏறும் நாளுக்கு அரை மணி நேர வேலையை மட்டும் மிச்சம் வைத்துக்கொள்வதே சரியான முறை. பல ஆண்டுகளாகச் சொந்தப் படகிலும் உறவினர்களின் படகுகளிலும் இந்த வேலையைச் செய்து வருபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

முதலில் காரணத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். புயலன்று காற்று பிய்த்தெறிந்து கெட்டுப்போகும் கருவிகளைவிட, உப்பும் ஈரமும் மின்சாரமும் ஒன்றாகச் சேர்ந்து சத்தமில்லாமல் தின்றுவிடும் கருவிகளே அதிகம். நம் மாவட்டத்தில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை மிகக் குறைவு. அந்த நான்கு மாதமும் கச்சான் அள்ளித் தெளிக்கும் உப்பு, ஆண்டெனாவின் அடியிலும் வயர் இணைப்புகளிலும் படிந்துகொண்டே இருக்கிறது. கழுவிவிட மழை வருவதில்லை. உலர்ந்திருக்கும் வரை அந்த உப்பால் பெரிய கேடில்லை. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோடியம் குளோரைடு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். கடல் உப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடோ அதைவிடக் குறைந்த ஈரத்திலேயே கசிந்துவிடும். வாடையின் முதல் மழை பெய்யும்போது, நான்கு மாத உப்பு முழுவதும் ஒரே நாளில் கரைந்து, வயர் வழியாக இணைப்புகளுக்குள் இறங்குகிறது. அப்போது பேட்டரியின் மின்சாரமும் அங்கே இருந்தால் செம்பு அரிக்கத் தொடங்குகிறது. கெட்டுப்போன எக்கோ சவுண்டரின் பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் இது தெளிவாகத் தெரியும்: மற்ற ஊசிகள் ஓரளவு பளபளப்பாக இருக்க, நேர்முனை ஊசி மட்டும் பச்சைப் பொடி பூத்து, நுனி தேய்ந்து, தொட்டால் உதிரும் நிலையில் இருக்கும். மின்சாரம் ஓடியபடியே உப்புத் தண்ணீரில் நனைந்ததன் அடையாளம் அது.

ஆகவே செய்ய வேண்டியவை இரண்டு: உப்பை நல்ல தண்ணீரால் அகற்றுவது, தேவையில்லாத இடத்தில் மின்சாரத்தைத் துண்டிப்பது. மற்ற வேலைகள் எல்லாம் இந்த இரண்டைத் தொடர்ந்து வருபவை.

முதல் மழைக்கு முன் கழுவுதல்

வேலையைத் தொடங்கும் முன் வீல் ஹவுஸின் எல்லா இணைப்புகளையும் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். எந்த வயர் எந்த பியூஸுக்குப் போகிறது, எந்த நிறம் எந்த முனையில் இருக்கிறது என்பது தெரியும்படி நெருங்கி எடுங்கள். கருவியின் பின்புறத்திலுள்ள வரிசை எண்ணையும் எடுத்துக்கொண்டால், பழுதுபார்ப்புக்கும் காப்பீட்டுக்கும் உதவும். அடுத்து பேட்டரியின் எதிர்முனையை முதலில் கழற்ற வேண்டும், நேர்முனையை அதன் பிறகு. நேர்முனையை முதலில் கழற்றினால், ஸ்பேனர் தவறி இன்ஜின் இரும்பில் பட்ட உடனே தீப்பொறி பறக்கும். திரும்ப மாட்டும்போது வரிசை தலைகீழாகும்.

கழுவுவதற்கு நல்ல தண்ணீர்தான் வேண்டும். குடிதண்ணீரைக் குடம் கணக்கில் வாங்கும் ஊர்களில் இதைச் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கரையோர போர் தண்ணீரால் கழுவினால் பழைய உப்பு போய்ப் புதிய உப்பு வந்து உட்காரும். அதனால் பயன் இல்லை. ஒரு படகுக்கு இரண்டு குடம் போதுமானது. துவைத்துப் பழகிய வேட்டித் துணியை நனைத்து, கருவியின் திரைமீது முதலில் தண்ணீர் வழியும்படி பிழிந்துவிட்டு, உப்பு கரைய இரண்டு நிமிடம் விட்டு, பிறகு ஒற்றி எடுக்க வேண்டும். உலர்ந்த துணியால் எடுத்த எடுப்பில் தேய்த்தால் உப்புப் பரல்கள் திரையைக் கீறிவிடும். தின்னர், பெட்ரோல் போன்றவற்றைத் திரைக்கருகே கொண்டுபோகக் கூடாது. ஆண்டெனாவின் அடிப்பகுதி, வயர் கூரைக்குள் நுழையும் துளை, சுவிட்ச் பலகையின் கீழ் விளிம்பு ஆகியவை பெரும்பாலும் விட்டுப்போகும் இடங்கள். உப்பு அதிகமாகத் தங்குவதும் அங்கேதான். மூடி முத்திரையிட்ட கருவியைத் திறந்து உள்ளே சுத்தம் செய்ய முயல வேண்டாம். ரப்பர் வளையம் ஒருமுறை இடம் மாறினால், அதற்குப் பிறகு அந்தக் கருவி தண்ணீரைத் தாங்காது.

துருவைத் தடுக்கும் ஸ்பிரேயைப் பலர் எடுத்த உடனே அடித்துவிடுகிறார்கள். உப்பின்மீது அடிக்கும் எண்ணெய், உப்பை உள்ளேயே வைத்து மூடிவிடும். கழுவி, ஒரு வெயில் நன்றாகக் காய்ந்த பிறகே அடிக்க வேண்டும்.

வயரும் இணைப்புகளும்

வீட்டு வயரிங்குக்கு வாங்கும் சாதாரண செம்பு வயரைப் படகில் போடுவது நம் பக்கம் பரவலாக உள்ள பழக்கம். செலவைப் பார்த்துச் செய்வது புரிகிறது. ஆனால் அந்த வயரின் நுனியில் நுழையும் ஈரம், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதைப் போல, உறைக்குள்ளேயே நெடுந்தூரம் ஏறிப்போகும். ஒரு வயரின் நுனி கறுத்திருந்தால் உறையைச் சீவிக்கொண்டே போய், பளபளக்கும் செம்பு தெரியும் இடம் வரை வெட்டி எறியுங்கள். கறுத்த செம்பின்மீது லக் (வயர் நுனியில் பொருத்தும் உலோக முனை) அடித்தால் அது ஓராண்டுகூட நிற்காது. வயர் மாற்ற வேண்டியிருந்தால் வெள்ளீயப் பூச்சுள்ள செம்பு வயரை வாங்குவதே மேல். எல்லாவற்றையும் மாற்ற முடியாதவர்கள் வி.எச்.எஃப்., ஜி.பி.எஸ்., தண்ணீர் இறைக்கும் பம்ப் ஆகிய மூன்றுக்கு மட்டுமாவது மாற்ற வேண்டும்.

இணைப்பின்மேல் இன்சுலேஷன் டேப் சுற்றுவது பாதுகாப்பு ஆகாது. நம் வெயிலில் அதன் பசை இளகி, இரண்டே மாதத்தில் பிரிந்து, ஈரத்தைத் தன்னுள் பிடித்து வைத்துக்கொள்ளும். உட்புறம் பசையுள்ள சுருங்கு குழாயைச் செருகிச் சூடேற்றினால் வயரை இறுகப் பற்றிக்கொள்ளும். ஆண்டெனா இணைப்புக்கு, இழுத்துச் சுற்றினால் தன்மேல் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப் நல்லது. கேபிள் கூரைக்குள் நுழையுமுன் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டுக் கட்டினால், வழிந்து வரும் மழைநீர் அந்த வளைவின் அடியிலேயே சொட்டிவிடும், உள்ளே போகாது.

சிலிகான் பசையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஆண்டெனாத் துளையையும் அதன் அருகிலிருந்த இணைப்பையும் கடையில் கிடைத்த ஒரு சிலிகானால் அடைத்தேன். தண்ணீர் ஒரு சொட்டும் புகவில்லை, ஆனாலும் அந்த இணைப்பு பச்சை பிடித்தது. காடி வாசனை வரும் சிலிகான் காயும்போது அசிட்டிக் அமிலத்தை வெளிவிடுகிறது என்பதும், அந்த அமிலமே செம்பை அரிக்கும் என்பதும் பிறகுதான் எனக்குத் தெரிந்தன. குழாயைத் திறந்து முகர்ந்து பாருங்கள். புளித்த வாசனை அடித்தால் மரத்துக்கும் கண்ணாடிக்கும் வைத்துக்கொள்ளலாம். மின் இணைப்புக்கு அருகில் வைக்க வேண்டாம்.

பேட்டரியும் பம்பும்

புயல் நாளில் படகில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய ஒரே மின்கருவி தண்ணீர் இறைக்கும் பம்ப்தான். 2024 நவம்பரில் இராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதை நாம் எல்லோரும் பார்த்தோம். 50 அடி நீளமும் 15 அடி அகலமும் உள்ள ஒரு படகின் தளத்தில் அவ்வளவு மழை விழுந்தால், முனைப்பகுதியின் குறுகலைக் கழித்தாலும், 20,000 லிட்டருக்குக் குறையாது. தளத்தின் ஓரத்திலுள்ள வடிகால் துளைகள் திறந்திருந்தால் பெரும்பகுதி கடலுக்குள் போய்விடும். வலைத் துணுக்கும் மீன் செதிலும் அடைத்திருந்தால் இன்ஜின் அறைக்குள் இறங்கும். அங்கே பேட்டரி முழுகினால் பம்பும் நின்றுவிடும். எனவே முதலில் துளைகளைக் குத்திச் சுத்தம் செய்துவிட்டுப் பிறகு பம்புக்கு வாருங்கள்.

மிதவை சுவிட்சுடன் கூடிய பம்பின் வயரை, மெயின் சுவிட்சை அணைத்தாலும் வேலை செய்யும்படி, தனி பியூஸ் வழியாக நேரடியாகப் பேட்டரிக்குக் கொடுக்க வேண்டும். ஒரு வாளி தண்ணீரை ஊற்றி மிதவை எழுகிறதா, பம்ப் இறைத்து முடித்ததும் தானாக நிற்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள். 5 ஆம்பியர் இழுக்கும் பம்ப் 10 மணி நேரம் தொடர்ந்து ஓடினால் 50 ஆம்பியர்-அவர் செலவாகும். அது 100 ஆம்பியர்-அவர் பேட்டரியில் சரிபாதி. வயதான பேட்டரியில் அச்சிட்டிருக்கும் அளவு உண்மையில் இருக்காது என்பதால், அரை வயது கடந்த பேட்டரியை நம்பிப் படகைக் கட்டிவிட்டு வீட்டுக்கு வருவது எனக்குச் சரியாகப் படவில்லை.

பேட்டரியைச் சோதிக்க, சார்ஜ் ஏற்றி நிறுத்திச் சில மணி நேரம் கழித்து மல்ட்டிமீட்டரை வையுங்கள். 12 வோல்ட் ஈய-அமிலப் பேட்டரி 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நிறைவாக உள்ளது, 12.2 காட்டினால் ஏறத்தாழப் பாதிதான். இரண்டை இணைத்து 24 வோல்ட்டாக வைத்திருப்பவர்கள் ஒவ்வொன்றையும் தனித்தனியே பார்க்க வேண்டும், ஒன்றின் நலிவை மொத்தக் கணக்கு மறைத்துவிடும். டிஸ்டில்டு வாட்டரை நிரப்பி, முனைகளைச் சுரண்டி, இறுக்கிய பிறகு மேலே வாசலின் பூசுங்கள். பேட்டரிப் பெட்டியை பெல்ட் போட்டுக் கட்டுவது அவசியம். படகு உருளும்போது பேட்டரி கவிழ்ந்தால் அமிலம் சிந்தும். கடல் நீர் பேட்டரிக்குள் புகுந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூடிய இன்ஜின் அறையில் அது உயிருக்கே ஆபத்து.

இடி

அக்டோபரில் பருவமழை தொடங்கும் நாட்களில் இடி மின்னல் அதிகம். கட்டிக்கிடக்கும் படகுகளின் கூட்டத்தில் உயரமாக நிற்பவை ஆண்டெனாக்களே. மின்னல் நேராக விழ வேண்டும் என்பதில்லை. அருகில் விழுந்தாலே நீண்ட வயர்களில் திடீர் மின்னழுத்தம் தூண்டப்பட்டுக் கருவியின் உள்ளே பாய்ந்துவிடும். பியூஸ் உருகுவதற்குள் கருவி கெட்டிருக்கும் என்பதால் பியூஸை நம்ப முடியாது, கருவியின் சுவிட்சை அணைப்பதும் போதாது. ஆண்டெனா கேபிள், மின்சார வயர், எக்கோ சவுண்டரின் அடிக்கருவிக்குப் போகும் கேபிள் ஆகிய மூன்றையும் உருவி, நுனிகள் கருவியிலிருந்து விலகி நிற்கும்படி கட்டிவிட வேண்டும். கையில் பிடிக்கும் வயர்லெஸ்ஸையும் உபரி ஜி.பி.எஸ்.ஸையும் துணியில் சுற்றி, மூடி இறுக்கமாகப் பொருந்தும் எவர்சில்வர் தூக்குவாளிக்குள் வைப்பது நல்ல வழி. நாற்புறமும் உலோகம் சூழ்ந்திருந்தால் மின்னலின் தூண்டல் உள்ளே பெரும்பாலும் எட்டாது. கருவி நேரடியாக உலோகத்தில் படாமல் இருக்கவே துணி.

ஜி.பி.எஸ்.ஸில் இருக்கும் சொத்து

கருவி போனால் புதியது வாங்கலாம். அதற்குள் பதிந்து வைத்த புள்ளிகள் போனால் வாங்க முடியாது. எந்தப் பாரில் (கடலடிப் பாறைத் திட்டில்) எந்த மாதத்தில் மீன் நிற்கும், எந்த இடத்தில் பாறை வலையைக் கிழிக்கும் என்று தந்தையும் மகனுமாகச் சேர்த்த புள்ளிகள் எத்தனையோ படகுகளில் ஒரே ஒரு கருவியில் மட்டும் கிடக்கின்றன. ஒரு நாள் மாலை உட்கார்ந்து அத்தனையையும் நோட்டில் எழுதி, வேறொரு வீட்டில் ஒரு படி வைத்துவிடுங்கள். மெமரி கார்டில் பதியும் வசதி இருந்தால் அதையும் செய்யலாம், ஆனால் நோட்டைத் தவிர்க்க வேண்டாம். எழுதும்போது கருவி எந்த வடிவில் காட்டுகிறது என்பதையும் முதல் பக்கத்தில் குறிக்க வேண்டும். அதன் காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

கூண்டு ஏறும் நாளில்

கடலுக்குப் போவதற்கான டோக்கனை மீன்வளத்துறை நிறுத்திய உடனே கருவிகளைக் கழற்றிவிடக் கூடாது. வாடைப் புயலில் பாக் நீரிணைப் பக்கம் கொந்தளிக்கும்போது, பாம்பன் கால்வாயைக் கடந்து குந்துகால் பக்கமாகப் படகைக் கொண்டுபோய்க் கட்டுவது நம் வழக்கம். அந்த ஓட்டத்துக்கு ஜி.பி.எஸ்.ஸும் வயர்லெஸ்ஸும் தேவை. மழைத் திரையில் கண் தெரியாத நேரத்தில் பாலத்தை நெருங்குபவனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வயர்லெஸ்ஸில் ஆபத்து அழைப்புக்கான 16-ஆம் சேனலைக் கேட்டபடியே போய், படகைக் கட்டி, கயிறுகளைச் சரிபார்த்த பிறகுதான் கழற்றும் வேலை. இணைப்புகளை முன்பே சுத்தம் செய்திருந்தால் பிளக்குகள் கையாலேயே கழன்றுவிடும். கழற்றிய பிளக்குகளின் வாயில் மூடி போட வேண்டும், மூடி தொலைந்திருந்தால் ரப்பர் டேப் சுற்றலாம்.

டிரான்ஸ்பாண்டரின் நிலை வேறு. 2024 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்ட மத்திய அரசுத் திட்டத்தில் இலவசமாகத் தரப்படும் கருவியானாலும், இஸ்ரோ உருவாக்கிய பழைய ஆபத்து அறிவிப்புக் கருவியானாலும், மீன்வளத்துறையிடம் கேட்காமல் கழற்றக் கூடாது. ஆபத்துப் பொத்தான் தவறி அழுத்தப்பட்டுவிட்டால் மறைக்காமல் கடலோரக் காவல்படையின் 1554 எண்ணுக்கு உடனே தெரிவிக்க வேண்டும்; புயல் நேரத்தில் நமக்காக ஒரு கப்பல் வீணாகப் புறப்படும் நேரத்தில், உண்மையாகவே தத்தளிக்கும் ஒருவர் காத்திருக்க நேரலாம்.

கழற்ற முடியாத கருவியைப் பாலித்தீனில் இறுகக் கட்டி வைப்பது எல்லோருக்கும் தோன்றும் வழி. 2020 டிசம்பரில் புரெவிப் புயல் வந்தபோது நானும் அப்படித்தான் செய்தேன். அது வலுவிழந்து, மன்னார் வளைகுடாவில் நம் கரையையொட்டி நகராமல் நின்று நாள்கணக்கில் பெய்தது. நான்கு நாள் கழித்துப் பையைப் பிரித்தபோது, வெளியிலிருந்து ஒரு சொட்டும் புகவில்லை. பையின் உட்புறம் மட்டும் முத்து முத்தாக வியர்த்திருந்தது, எக்கோ சவுண்டரின் திரைக்கு உள்ளே பனி படர்ந்திருந்தது. கட்டும்போதே உள்ளே இருந்த ஈரக் காற்று வெளியேற வழியில்லாமல் அங்கேயே நீராகிவிட்டது. அந்தக் கருவி மீண்டும் ஒளிரவில்லை. அதன் பிறகு, கழற்ற முடியாத கருவிக்கு மேலே கவிழ்த்து அடிப்பக்கம் திறந்திருக்கும்படி தார்ப்பாய்த் தொப்பி ஒன்றைத் தைத்துப் போடுகிறேன். மழை மேலே வழிகிறது, ஈரம் கீழே வெளியேறுகிறது.

வீட்டுக்குக் கொண்டுவந்த கருவிகளை இறுக்கமான மூடியுள்ள டப்பாவில் சிலிகா ஜெல் போட்டு வையுங்கள். நீல மணிகள் இளஞ்சிவப்பாகிவிட்டால் அவை ஈரம் குடித்துத் தீர்ந்தன என்று பொருள்; சமையலுக்குப் பயன்படாத ஒரு பழைய வாணலியில் குறைந்த தீயில் வறுத்தால் நீலம் திரும்பும். நிறமூட்டும் கோபால்ட் நச்சுப்பொருள் என்பதால் குழந்தைகளின் கைக்கு எட்டக் கூடாது. அரிசிக்குள் புதைத்து வைப்பதால் பெரிய பயன் இல்லை, தூசுதான் சேரும்.

புயல் கடந்த பிறகு

படகுக்குப் போன உடனே சுவிட்சைப் போட்டுப் பார்க்கும் ஆசையை அடக்க வேண்டும். இன்ஜின் அறையைத் திறந்து காற்றாட விட்டு, இணைப்புகள் உலர்ந்துள்ளனவா என்று பார்த்து, ஈரம் இருந்தால் மறுபடியும் நல்ல தண்ணீரால் துடைத்துக் காயவிட்ட பிறகே பேட்டரியை இணைக்கலாம். கடல் நீரில் முழுகிய கருவியை எக்காரணம் கொண்டும் உயிரூட்டிப் பார்க்காதீர்கள். அதன் பேட்டரியைக் கழற்றி, வெளிப்புறத்தை நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் வைத்து, முடிந்தவரை அன்றே பழுதுபார்ப்பவரிடம் கொடுத்தால் பிழைக்க வாய்ப்புண்டு. நீர்புகாத் தன்மைக்கான முத்திரையை மட்டும் நம்ப வேண்டாம். ஐ.பி.எக்ஸ்.7 என்பது ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் நல்ல தண்ணீரில் வைத்துச் செய்யும் சோதனை. இரவு முழுவதும் உப்புத் தண்ணீரில் கிடந்த வயர்லெஸ்ஸுக்கு அது பொருந்தாது.

முதல் தொழிலுக்குப் போகும் முன் ஜி.பி.எஸ்.ஸை ஜெட்டியிலேயே சரிபார்த்துவிடுங்கள். செப்டம்பரில் ஜெட்டியின் ஒரு கல்லருகே நின்று புள்ளியைக் குறித்து வைத்திருந்தால், அதே கல்லருகே இப்போதும் நின்று ஒப்பிடலாம். அட்சரேகையில் ஒரு மினிட் என்பது 1,852 மீட்டர், எனவே 0.01 மினிட் வேறுபாடு ஏறத்தாழ 18 மீட்டர்தான், அது பொருட்டில்லை. மின்சாரம் நீண்ட நாள் அறுந்து கிடந்த கருவி சில நேரம் தன் பழைய அமைப்பை மறந்துவிடும் என்பதே கவனிக்க வேண்டியது. மினிட்டின் தசமமாகக் காட்டிக்கொண்டிருந்த கருவி, மினிட்-செகண்டு வடிவுக்கு மாறியிருக்கலாம். 9 டிகிரி 15.50 மினிட் என்று நோட்டில் இருப்பதை 9 டிகிரி 15 மினிட் 50 செகண்டு என்று எடுத்துக்கொண்டால் 600 மீட்டருக்கு மேல் தவறும். 1974, 1976 உடன்பாடுகளால் வகுக்கப்பட்ட இந்திய-இலங்கைக் கடல் எல்லைக்கோடு இவ்வளவு அருகில் ஓடும் நம் கடலில், அந்த 600 மீட்டர் ஒரு படகையும் அதிலுள்ளவர்களையும் சிறைபிடிக்கப் போதுமானது. நோட்டின் முதல் பக்கத்தில் குறித்த வடிவமும் திரையில் தெரியும் வடிவமும் ஒன்றுதானா என்று பார்த்து, எல்லைக்கோட்டு எச்சரிக்கை ஒலி இயங்கும் நிலையில் இருப்பதையும் உறுதிசெய்த பிறகே கயிற்றை அவிழ்க்க வேண்டும்.